குமாஸ்தாவின் நாற்காலியும் கேங்மேனின் கால்களும்

மாரடைப்பு யாரைத் தேடி வருகிறது? ரயில்வே கணக்குப் புத்தகம் சொல்லும் செய்தி

(நமது பகுதி நேர நிருபர்)

வரதய்யபாளையம்:

ரயில்வேயில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் மேஜைக்கு முன் உட்கார்ந்து கணக்கு எழுதும் குமாஸ்தா. இன்னொருவர் யார்டில் ரயில் பெட்டிகளைச் சேர்த்தும் பிரித்தும் விடும் ஷண்டிங் தொழிலாளி. மூன்றாமவர் சம்மட்டியும் கடப்பாரையுமாகத் தண்டவாளத்தைக் காக்கும் கேங்மேன். மூவருக்கும் சம்பளம் கொடுக்கும் முதலாளி ஒருவரே. இந்த மூவரில் மாரடைப்பால் அதிகம் இறப்பவர் யார்?

வெயிலில் காய்ந்து, கல்லும் இரும்பும் சுமக்கும் கேங்மேன்தான் என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாதான் முதலிடம்!

இது யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பேச்சல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி டெய்லர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அந்நாட்டு ரயில்வே தொழிலாளர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து 1962ல் வெளியிட்ட முடிவு. 40 வயது முதல் 64 வயது வரை உள்ள ஆண்களை அவர்கள் கணக்கில் எடுத்துக் கொண்டார்கள். ஆண்டுக்கு 1000 பேருக்கு இருதய ரத்தக் குழாய் நோயால் இறந்தவர்கள், குமாஸ்தாக்களில் 5.7 பேர், ஷண்டிங் தொழிலாளர்களில் 3.9 பேர், தண்டவாளத் தொழிலாளர்களில் 2.8 பேர். குமாஸ்தாவின் கணக்கு, கேங்மேனின் கணக்கைப் போல இரண்டு மடங்கு!

இந்தச் செய்தியை வரதய்யபாளையத்து வாசகர்கள் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டமாக இருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் இந்த வட்டாரத்தில், 2008ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் நம் தமிழர்கள் நிறைய. ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்கள், தடா, சூலூர்ப்பேட்டை ரயிலைப் பிடித்து வந்து போகிறவர்கள் என்று பல தரம். மாதம் பிறந்தால் இவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கும். அந்தக் குடும்பத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது ஒரு மனிதரின் இருதயம். 45 வயதில் அது நின்றால் குடும்பமும் நின்றுவிடும்.

லண்டன் பஸ்ஸில் நடந்த சோதனை

டெய்லருக்கு முன்பே இந்த வழியைக் காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஜெரமி மாரிஸ். லண்டன் நகரத்து மாடி பஸ்களில் ஓட்டுநரும் கண்டக்டரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஒரே புகையைச் சுவாசித்து வேலை செய்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கு ஏறி இறங்கிக் கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்கள் என்பது கணக்கு.

ஏறக்குறைய 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953ல் 'லான்செட்' மருத்துவ இதழில் மாரிஸ் எழுதினார். கண்டக்டர்களுக்கு ஓட்டுநர்களைவிட மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தாலும் வயது சென்ற பிறகு வந்தது. வந்த உடனே உயிர் போவதும் குறைவாக இருந்தது. தபால்காரரையும் தபால் ஆபீஸ் குமாஸ்தாவையும் ஒப்பிட்டபோதும் இதே கதைதான். நடந்து கடிதம் கொடுத்தவர் பிழைத்தார்.

மாரிஸ் தம் ஆராய்ச்சியைத் தாமே சந்தேகப்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. குண்டானவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ என்று அவருக்கு ஓர் ஐயம். உடனே சீருடை தைத்த அளவுக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாகவே இருந்தது. 1956ல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆனால் இடுப்பு சிறுத்தவர்களானாலும் பெருத்தவர்களானாலும், அதே இடுப்பளவுள்ள கண்டக்டர்களைவிட ஓட்டுநர்களுக்கு ஆபத்து அதிகம் என்று பிறகு தெரிய வந்தது. உட்கார்ந்தே இருப்பது தனியாகவும் ஒரு கெடுதல் என்பது இதனால் உறுதியாயிற்று.

மாரிஸ் தம் ஆராய்ச்சி சொன்னபடியே வாழ்ந்தார். நடந்தார், நீந்தினார். 1910ல் பிறந்த அவர் 2009ல், நூறு வயதை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் காலமானார்.

நமக்கு ஏன் அவசரம்?

"அது வெள்ளைக்காரன் கதை, நமக்கு என்ன?" என்று கேட்கத் தோன்றும். நம் ரயில்வேயிலும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். மேற்கு ரயில்வேயைச் சேர்ந்த டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா, இந்தியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் இறப்புக் காரணங்களைத் தொகுத்து 1967ல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். வட இந்திய ஊழியர்களைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடையே இருதய நோய் இறப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் என்று அவர் கண்டார். அப்படி இறந்தவர்களின் சராசரி வயது வடக்கே 52; தெற்கே 44.

மல்ஹோத்ரா இதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னது உணவில் சேரும் கொழுப்பின் வகையையும் சாப்பிடும் முறையையும்தான். அவர் சொன்ன காரணம் சரியா என்று பிறகு பலரும் வாதாடினார்கள். ஆனால் வேலை செய்யும் வயதிலேயே நம்மவர்களை இந்த நோய் பிடிக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சியும் மெய்ப்பித்தது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சியின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. நாம் ஆறு வருஷம் முந்திக் கொள்கிறோம்! அதே ஆராய்ச்சியில், நோய் இல்லாத தெற்காசியர்களில்கூட ஓய்வு நேரத்தில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்கள் 100க்கு 6 பேர்தான். மற்றவர்களில் 100க்கு 21 பேருக்கு மேல்.

இன்றைய நிலையும் திருப்தியாக இல்லை. போதுமான உடல் அசைவு இல்லாத இந்தியர்கள் 2000ம் ஆண்டில் ஏறக்குறைய 22 சதவீதம். 2022ல் 49 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். 2024ல் வெளியான உலகக் கணக்கு இது. மொபெட் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, கையில் செல்போனும் வந்தது. கால்களுக்கு வேலை போயிற்று.

ரத்தக் குழாய்க்கு வயதாவது எப்படி?

இருதயம் நிமிஷத்துக்கு 72 முறை துடிப்பதாக வைத்துக் கொண்டால், ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் மகாதமனி என்ற பெரிய குழாய்க்குள் வேகமாகப் பாய்கிறது. இளம் வயதில் அந்தக் குழாய் ரப்பர் மாதிரி விரிந்து கொடுத்து, அடுத்த கணமே சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளும். அதனால் இருதயத்துக்கும் சுமை குறைவு. மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழாய்களுக்கும் அடி குறைவு.

வயது ஏற ஏற, குழாய்ச் சுவரில் உள்ள மீள்தன்மை கொண்ட நார்கள் நைந்து போகின்றன. விறைப்பான நார்கள் அந்த இடத்தைப் பிடித்துக் கொள்கின்றன. வெயிலில் கிடந்த பழைய சைக்கிள் டியூபைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குழாய் விறைத்தால் ரத்தக் கொதிப்பின் மேல் எண் ஏறும். விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் இடது அறையும் தடித்து விறைத்துப் போகும். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

குழாயின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. ரத்தம் வேகமாக ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அந்த வாயு குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. நடக்கும்போது என்ன நடக்கிறது? ரத்தம் வேகமாக ஓடுகிறது, படலம் விழித்துக் கொள்கிறது, குழாய் தளர்கிறது. உட்கார்ந்தே இருப்பவரின் குழாயில் அந்தப் படலம் சோம்பிப் போகிறது. வாசல் கதவைத் தினமும் திறந்து மூடினால் கீல் நன்றாக இருக்கும். பூட்டியே வைத்தால் துருப்பிடிக்கும்.

மூன்று வாரப் படுக்கையும் முப்பது வருஷமும்

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1966ல் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களின் உழைக்கும் சக்தி நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து, 1996ல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஐம்பது. முப்பது வருஷ முதுமை செய்த கெடுதலைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதல் பெரிது என்று தெரிந்தது! பிறகு அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் உழைக்கும் சக்தி இருபது வயதில் இருந்த அளவுக்குத் திரும்பியது.

இந்த வழியில் டாக்டர் பெஞ்சமின் லெவின் என்பவரின் குழு பின்னர் செய்த இரண்டு ஆராய்ச்சிகளை நம்மவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். இரண்டும் 2018ல் வெளிவந்தவை.

முதலாவது: 60 வயதைத் தாண்டிய 102 பேரிடம், வாழ்நாள் முழுவதும் வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டு, அவர்களின் ரத்தக் குழாய்களை அளந்தார்கள். ஒரு தடவை என்றால் குறைந்தது அரை மணி நேரம். வாரத்துக்கு 2, 3 நாள் செய்தவர்களுக்கு, தலைக்கும் கழுத்துக்கும் ரத்தம் கொண்டு போகும் நடுத்தரக் குழாய்கள் மட்டும் இளமையாக இருந்தன. 4, 5 நாள் செய்தவர்களுக்கு அதோடு நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள பெரிய குழாய்களும் இளமையாக இருந்தன.

இரண்டாவது: 45 வயது முதல் 64 வயது வரை, உட்கார்ந்தே பழகிய ஆரோக்கியமானவர்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் நாலைந்து நாள். பெரும்பாலும் மிதமான பயிற்சி. இடையே ஒன்றிரண்டு தடவை மூச்சு வாங்கும்படி வேகமான பயிற்சி. இரண்டு வருஷ முடிவில் அவர்களின் உழைக்கும் சக்தி 18 சதவீதம் கூடியது. இருதயத்தின் விறைப்பு 25 சதவீதம் குறைந்தது. இதே குழு முன்பு 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, சக்தி கூடியதே தவிர, இருதய விறைப்பு அவ்வளவாக இளகவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது சரியான கணக்கல்ல. சம்பளம் வாங்கும் காலத்திலேயே தொடங்க வேண்டிய சேமிப்பு இது.

வெறும் நடைக்கு இவ்வளவு பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் டனாகா என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 50 வயதை ஒட்டிய, உடற்பயிற்சி பழக்கமில்லாத 20 ஆண்களை மூன்று மாதம் பயிற்சியில் சேர்த்தார்கள். முக்கியமாக நடைதான். கழுத்துத் தமனியின் நெகிழ்வு ஏறக்குறைய 25 சதவீதம் கூடியது என்று 2000ல் அறிவித்தார்கள். அவர்களின் உடல் எடை குறைந்ததால் வந்த பலன் அல்ல இது. "ஒரு மாதமாக நடக்கிறேன், அரைக் கிலோகூடக் குறையவில்லை" என்று சலித்து நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசில் தெரியாத லாபம் குழாய்க்குள் சேர்கிறது.

நிற்பது நடப்பது ஆகாது

"எட்டு மணி நேரம் மெஷின் முன்னால நிக்கிறேன் சார். இதுக்கு மேல நடக்கச் சொல்றீங்களா?" என்று ஸ்ரீசிட்டி பக்கம் நம் தொழிலாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகர மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்து 2021ல் ஒரு முடிவு வெளியானது. ஓய்வு நேரத்தில் அதிகம் உடல் அசைத்தவர்களுக்கு இருதய நோயும் இறப்பும் குறைவு. ஆனால் வேலையில் மட்டும் கடுமையாக உழைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆபத்து கூடியே இருந்தது.

கேங்மேன் கதைக்கும் இதற்கும் முரண் இருப்பது போலத் தோன்றும். யோசித்தால் விளங்கும். அந்தக் காலத்துத் தண்டவாளத் தொழிலாளியும் கண்டக்டரும் நடந்தார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள். கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளின. இன்றைய தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்பதும், மூச்சைப் பிடித்து எடை தூக்குவதும், ஷிப்ட் முழுவதும் ஓய்வில்லாமல் செய்வதும் வேறு. அதில் ரத்தக் கொதிப்பு மணிக்கணக்கில் ஏறியே நிற்கும். கால் நரம்பு புடைக்கும். இளைப்பாற நேரம் இருக்காது. ஆகவே நின்று வேலை செய்கிறவருக்கும் நடை தேவை. அவருக்குக் கூடவே ஓய்வும் நல்ல தூக்கமும் தேவை. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் தூக்கத்தைக் கெடுத்துக் கொண்டு நடக்க வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் நடந்தால் போதும்.

வருஷத்துக்கு ஒரு நாள் திருமலை

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுவதும் காலை அசைக்க மாட்டார்கள். புரட்டாசி வந்தால் அலிபிரியிலிருந்து ஏறக்குறைய 3,550 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள். அவசரக்காரர்கள் ஸ்ரீவாரி மெட்டு வழியாகச் சுமார் 2,388 படி. ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டம் உப்பலமடுகு அருவிக்குப் பாறை பாறையாகத் தாவும்.

பக்தியைப் பற்றி இங்கே பேச்சில்லை. உடம்பின் கணக்கு வேறு. பழக்கமில்லாத இருதயத்துக்குத் திடீரென்று கொடுக்கும் கடும் வேலை, ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு ஆபத்தாக முடியலாம். இருதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் நடைபாதையில் ஏறுவதைத் தவிர்க்கும்படி தேவஸ்தானமே அறிவுறுத்தியிருக்கிறது. மலையேற ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாதமே தரையில் நடக்கத் தொடங்கட்டும். அப்படித் தினமும் நடந்த கால் மலையில் நோகாது, நெஞ்சும் படபடக்காது. வருஷத்தில் ஒரு நாள் மூவாயிரம் படி ஏறுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நடப்பதே ரத்தக் குழாய்க்கு உகந்தது.

எவ்வளவு? எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வகுத்த அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, கீழே விழாமல் இருக்க உடல் சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள்.

மிதமானது என்றால் என்ன? கூட நடப்பவரோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் அளவு. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாமல் திணறினால் வேகம் அதிகம்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரில் பிறந்த எண் அது. 2025ல் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளைக்கு 2,000 அடி நடப்பவர்களைவிட 7,000 அடி நடப்பவர்களுக்கு இருதய நோய் வருவது 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கும் குறைவாக நடப்பவர்களும் மனம் தளர வேண்டாம். 2,000 அடியை 4,000 ஆக்கினாலும் பலன் உண்டு.

நம் பிழைப்புக்கு ஏற்றபடி சில வழிகள்:

* முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினால் ஐந்தாவது வாரம் அரை மணி நேரம் வந்துவிடும்.

* ஒரே தடவையில் அரை மணி கிடைக்காவிட்டால் காலையில் 15, மாலையில் 15 என்று பிரித்துக் கொள்ளலாம்.

* ரயிலில் வருகிறவர்கள் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கட்டும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது குற்றம். பாலம் ஏறுவது மருந்து.

* ஆபீஸ் குமாஸ்தாக்கள் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். பைல் எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் பியூனைக் கூப்பிடாமல் தாமே போகலாம்.

* இங்கே வெயில் கடுமை. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் நடப்பது நலம். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

* தடா - ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் லாரிகள் வேகமாக வரும். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும். இருட்டில் வெளிர் நிறச் சட்டை போட வேண்டும்.

* தசைப் பயிற்சிக்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவதும், தோப்புக்கரணம் போடுவதும், குடத்தில் தண்ணீர் சுமப்பதும் பயிற்சிதான்.

நாலு பேர் சேர்ந்தால் நடக்கும்

தனியாக நடக்கத் தொடங்குகிறவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவது வழக்கம். சேர்ந்து நடப்பவர்கள் தொடர்கிறார்கள். சென்னையில் ஏசியாட் காலனி மக்கள் இதற்கு நல்ல உதாரணம். சர்க்கரை வியாதி ஆராய்ச்சிக்காக டாக்டர் வி. மோகனின் குழுவினர் அங்கே போய், உடல் அசைவின் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். காலனி மக்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டி நடைபாதையோடு ஒரு பூங்கா அமைத்தார்கள். முன்பு அங்கே 100க்கு 14 பேர் உடற்பயிற்சி செய்து வந்தார்கள். சில வருஷங்களில் அது 100க்கு 58 பேருக்கு மேல் ஆயிற்று. 2006ல் இந்தியாவின் டாக்டர்கள் சங்க இதழில் இந்த விவரம் வெளியானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கி வைத்ததும் இந்த நோக்கத்தோடுதான்.

வரதய்யபாளையத்திலும் சத்தியவேட்டிலும் நம்மவர்கள் இதைச் செய்ய முடியாதா? ஒரே வரிசை வீட்டில், ஒரே மேன்ஷனில் குடியிருக்கும் நாலு பேர் சேர்ந்தாலே ஆரம்பம் ஆகிவிடும். பள்ளிக்கூட மைதானத்தைக் காலை ஒரு மணி நேரம் திறந்து வைக்கும்படி பஞ்சாயத்தில் கேட்கலாம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கொண்டால் பாஷையும் வரும், பாதுகாப்பும் வரும். முக்கியமாகப் பெண்களை அழைத்து வர வேண்டும். தெரியாத ஊரில் தனியாக நடக்கத் தயங்கி வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்கள் அவர்கள்தான். வீட்டு வேலையே போதும் என்று அவர்களை ஒதுக்கி வைப்பது நியாயமல்ல.

ஜாக்கிரதை!

நடை எல்லா நோயையும் தீர்த்துவிடாது. பீடி, சிகரெட், புகையிலையை விடாமல் நடப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை, "நான்தான் நடக்கிறேனே" என்று தாமாக நிறுத்தவும் கூடாது. ஊறுகாய், அப்பளம், ஓட்டல் குழம்பு இவற்றில் சேரும் உப்பையும் குறைக்க வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள், சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்கள், வேகமான பயிற்சி தொடங்குமுன் ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்ப்பார்கள். மேற்கொண்டு தேவைப்பட்டால் திருப்பதியில் ரூயா அரசு ஆஸ்பத்திரியும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் இருக்கின்றன.

நடக்கும்போது நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல் வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை செத்துக் கொண்டிருக்கிறது.

நாம் எத்தனையோ கணக்குகளை எழுதி வைக்கிறோம். பி.எப். கணக்கு, சீட்டுக் கணக்கு, ஊருக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு. அந்த நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, இந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம் என்று குறித்து வையுங்கள். தூரத்தை எழுத வேண்டியதில்லை. நாளை மட்டும் எழுதினால் போதும். வாரத்துக்கு ஐந்து கோடு விழுந்தால் கணக்கு சரி.